‘ஒண்ணுமில்ல, நடிப்பு’ என்று சொல்வதற்கு முன்: உடல்சார் அறிகுறி, விலகல் கோளாறுகளில் செவிலியர் கவனிப்பு

இரவு பத்து மணிக்கு மேல் அவசரப் பிரிவு வாசலில் ஆட்டோ நிற்கிறது. இளம்பெண் ஒருத்தி. கண் மூடியிருக்கிறது, பல் கிட்டியிருக்கிறது, கை கால் இழுக்கிறது. கூட வந்த நாலு பேரில் ஒருவர் கையில் சாவிக்கொத்து, இன்னொருவர் கையில் நசுக்கிய வெங்காயம். பின்னால் வரும் மாமியார், “இது மூணாவது தடவை சிஸ்டர், ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க” என்கிறார். கடலூரிலும் புதுச்சேரியிலும் பணிபுரியும் எந்தச் செவிலியருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. அடுத்த பத்து நிமிடத்தில் செவிலியர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அந்தப் பெண் சிகிச்சைக்குள் வருவதும், அடுத்த மருத்துவமனையைத் தேடிப் போவதும் இருக்கும்.

முதலில் பெயர்கள். உடம்பில் வலி, எரிச்சல், படபடப்பு, சோர்வு போன்ற அறிகுறிகள் நீடித்து, அவற்றைப் பற்றிய பயமும் யோசனையும் அன்றாட வாழ்க்கையையே விழுங்கிவிட்டால் அது உடல்சார் அறிகுறிக் கோளாறு. ‘பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை’ என்பது இதற்கு நிபந்தனை அல்ல. 2013-இல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5 அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவருக்கும் இது வரலாம். நினைவு, உணர்வு, அசைவு, ‘நான்’ என்ற எண்ணம் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து ஓடாமல் பிரிந்து நிற்பது விலகல் கோளாறு. வலிப்பு போன்ற வரவுகள் (திடீரென்று வந்து அடங்கும் இழுப்பு), கை கால் செயலிழப்பு, குரல் போவது, நினைவு மறப்பது, வேறொருவர் உள்ளே புகுந்தது போல நடப்பது எல்லாம் இதில் அடங்கும். வலிப்பு, செயலிழப்பு வகைகளை டி.எஸ்.எம் உடல்சார் பிரிவிலும், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11 விலகல் பிரிவிலும் வைக்கின்றன. கேஸ் ஷீட்டில் இரண்டு விதமாக எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டிலும் நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை. லீவுக்காகவோ நஷ்டஈட்டுக்காகவோ தெரிந்தே போடும் வேஷம் தனி விஷயம், அதை முடிவு செய்வது செவிலியரின் வேலையும் அல்ல. வலி இருக்கிறது என்கிறாரா, இருக்கிறது. கால் வரவில்லை என்கிறாரா, அவருக்கு வரவில்லை.

படி 1: உயிருக்கு ஆபத்தானதை முதலில் விலக்குங்கள்

இந்த நோய்களில் மிகப் பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. ‘ஹிஸ்டீரியா’ என்று ஒருமுறை ஷீட்டில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் நாடி பிடிப்பதில்லை. எத்தனையாவது தடவை வந்தாலும் ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, காய்ச்சல், விரல் நுனி சர்க்கரை ஆகிய ஆறையும் பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

கர்ப்பிணியா, அல்லது பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளா என்று கேளுங்கள். இருபது வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பத்தில் வலிப்பு வந்தால், வேறொன்று நிரூபிக்கப்படும் வரை அது எக்லாம்சியா, அதாவது கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் வரும் வலிப்பு. அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருந்தால் மனநல மருத்துவரைத் தேடாமல் மகப்பேறு மருத்துவரை அழைத்து, அந்த வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டைத் தயாராக எடுத்து வையுங்கள். தினமும் குடிப்பவர் எனில் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள். நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும் வலிப்பு பெரும்பாலும் மதுவைத் திடீரென்று நிறுத்தியதால் வருவது.

கடலூர் மாவட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. நெல்வயல், முந்திரித்தோப்பு ஓரங்களில் தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். இமை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. உடம்பில் கடித்த தடமே இல்லை. இது கட்டுவிரியன் பாம்புக் கடியாக இருக்கலாம். வீக்கமோ வலியோ இல்லாததால், ‘பயந்துட்டாங்க’, ‘சீன் போடுறாங்க’ என்று ஓரமாகப் படுக்க வைக்கப்பட்டு மூச்சு நின்றுபோக வாய்ப்புண்டு. 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை சரியாக வந்தாலும் கட்டுவிரியன் இல்லை என்று ஆகாது. மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் கழுத்து திருகி, கண் மேலே சொருகி, நாக்கு வெளியே தள்ளும். வீட்டில் ‘பேய் பிடிச்சிருச்சு’ என்பார்கள். சில நேரம் வார்டிலும் ‘கன்வர்ஷன்’ (மனக்கஷ்டம் உடல் அறிகுறியாக மாறியது) என்றுதான் எழுதுவார்கள். உண்மையில் அது மருந்தின் பக்கவிளைவான தசை இறுக்கம். மருத்துவர் சொல்லி ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரமே தளரும். கடந்த மூன்று நாளில் என்னென்ன ஊசி, மாத்திரை என்ற கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். பொட்டாசியம் குறைந்து வரும் கைகால் தளர்ச்சி, கில்லன்-பாரே, மயஸ்தீனியா போன்ற நரம்பு, தசைத் தளர்ச்சி நோய்கள், இளவயதினரின் மூளை அழற்சி ஆகியவையும் இந்த வேடத்தில் வரும்.

பள்ளியில் பத்துப் பதினைந்து மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கினால், உணவு, தண்ணீர், கொடுத்த மாத்திரை, சிப்காட் பக்கம் என்றால் காற்றில் கலந்த வாயு எல்லாவற்றையும் விசாரித்த பிறகுதான் ‘கூட்டுப் பதற்றம்’ என்ற சொல் வர வேண்டும். அப்போதும் அவர்களை ஒரே அறையில் அடுத்தடுத்துப் படுக்க வைக்காமல் பிரித்து வையுங்கள். ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்குப் பரவுவது அப்படித்தான் நிற்கும்.

படி 2: வலிப்பு போன்ற வரவு நடக்கும்போது

கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கிய நேரம் தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. தலைக்கடியில் மடித்த துண்டு, கட்டிலின் பக்கக் கம்பிகள் மேலே, வளையலும் கழுத்துச் சங்கிலியும் குத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். முடிந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடிக்கப் பிடிக்க இழுப்பு கூடும், தோள்மூட்டு கழன்றுவிடவும் செய்யும். பல்லுக்கு நடுவே கரண்டியோ விரலோ துணியோ வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. உறவினர் பிடிவாதம் பிடித்தால் அதற்காகச் சண்டை வேண்டாம்.

கூட்டத்தை வெளியே அனுப்புங்கள், ஒருவர் மட்டும் இருக்கட்டும். இரண்டு வாக்கியம் போதும்: “அம்மா, நீங்க ஆஸ்பத்திரியில பத்திரமா இருக்கீங்க. இது கொஞ்ச நேரத்துல அடங்கிடும், நான் பக்கத்துல இருக்கேன்.” கண் மூடியிருந்தாலும் பலருக்குக் காது கேட்கும். அதனால் அந்த நேரத்தில் “டிராமா” என்று யாராவது முணுமுணுத்தால் அது அவருடைய மனதில் பல வருடம் தங்கும்.

அடுத்தது பார்த்துக் குறிப்பது. உண்மை வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும், இந்த வரவுகளில் இறுக மூடியிருக்கும், இமையைத் திறக்கப் போனால் எதிர்ப்பு தெரியும். உண்மை வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இவை கூடிக் குறைந்து கால் மணி, அரை மணி கூட நீளும். தலையை இரு பக்கமும் ஆட்டுவது, கைகால்கள் தாளமில்லாமல் ஆளுக்கொரு பக்கம் போவது, நடுவில் அழுவது ஆகியவை விலகல் பக்கம் சாயும் குறிகள். நாக்கின் பக்கவாட்டில் கடி, முடிந்ததும் கரகரவென்ற மூச்சு, நீண்ட குழப்பம் ஆகியவை உண்மை வலிப்பின் பக்கம். சிறுநீர் போவதையும் அடிபடுவதையும் மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, இரண்டிலும் அவை நடக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு வகை வலிப்பும் இருப்பதும் உண்டு. உறுதி செய்வது வீடியோ இ.இ.ஜி.தான், அதாவது வரவை வீடியோவில் பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதிவது. அதற்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை போன்ற, நரம்பியல் துறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். குடும்பத்தாரைச் செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்வது மருத்துவருக்குப் பெரிய உதவி. அதை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் உண்மை வலிப்பு என்றே வைத்துச் செயல்படுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் உத்தரவுப்படி வலிப்பை அடக்கும் லோராசெபாம் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு 4 மி.கி.க்கு மேல் போகாமல். ஆனால் விலகல் வகை என்று உறுதியான ஒருவருக்கு ஒவ்வொரு வரவுக்கும் தூக்க ஊசி ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் மூச்சு அடங்கி வெண்டிலேட்டரில் படுக்க வைக்கும் நிலை வரும். இது எழுத்தளவிலான பயமல்ல, இந்த நோயாளிகளுக்கு மருத்துவமனையில் நேரும் பெரிய கெடுதல்களில் ஒன்று.

மார்பெலும்பை முஷ்டியால் தேய்ப்பது, கிள்ளுவது, அம்மோனியா முகர வைப்பது, கையைத் தூக்கி முகத்தின் மேல் விட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எழுந்துவிட்டாலும் நோய் போகவில்லை, நம்பிக்கைதான் போனது. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கி விரல்கள் மரத்து மடங்கினால் காகிதப் பையை வாயில் வைக்காதீர்கள், ஆக்சிஜன் குறையும். உங்களோடு சேர்ந்து மூச்சு விடச் சொல்லுங்கள்: மூக்கால் நாலு எண்ணும் வரை உள்ளே, வாயால் ஆறு எண்ணும் வரை வெளியே.

படி 3: தனியாக உட்கார்ந்து கேளுங்கள்

மாமியாரும் கணவரும் கட்டிலருகே நிற்கும் வரை உண்மை வெளியே வராது. டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், எடை பார்க்க வேண்டும் என்று சொல்லித் தனி இடத்துக்கு அழைத்துப் போவதில் தவறில்லை.

உடம்பிலிருந்தே தொடங்குங்கள், அதுதான் அவர் திறந்து வைத்திருக்கும் கதவு. நம் ஊரில் மனக்கஷ்டம் ‘நெஞ்ச அடைக்குது’, ‘தொண்டையில உருண்டை மாதிரி நிக்குது’, ‘உள்ளங்கால்ல இருந்து சூடு ஏறுது’, ‘கேஸ் முதுகுல புடிச்சிருக்கு’, ‘மேலெல்லாம் குடையுது’ என்றுதான் வரும். அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘கேஸ்’ என்றதை ‘அஜீரணம்’ என்று திருத்தினால் அர்த்தம் கெட்டுப்போகும். எப்போது முதன்முதலாக வந்தது, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது, வந்தபோது யார் பக்கத்தில் இருந்தார்கள், வந்த பிறகு என்ன மாறியது, எந்த வேலை நின்றது என்று ஒவ்வொன்றாக.

பிறகு நேராகக் கேட்க வேண்டியவை. “வீட்டுல யாராவது கை நீட்டுறாங்களா?” “உங்களுக்குப் பிடிக்காம யாராவது தொட்டிருக்காங்களா?” “செத்துடலாம்னு தோணியிருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” கேட்டால் யோசனையைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் தொல்லையைச் சொன்னால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது கட்டாயம். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், காப்பாற்ற முடியாது. பெரியவர்கள் விஷயத்தில் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை அவருடைய உரிமையாக்குகிறது. அவர் சொன்னதைக் கணவரிடம் ‘நல்லதுக்குத்தான்’ என்று ஒப்பிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

எல்லாருக்கும் பெரிய கதை இருக்கும் என்று தோண்டவும் வேண்டாம். 2004 சுனாமியில் பிள்ளையை இழந்த கடலூர்க் கடற்கரைக் கிராமமான தேவனாம்பட்டினத்துத் தாயின் இருபது வருட உடல்வலிக்குக் காரணம் கண்முன் தெரியலாம். இன்னொருவருக்கு எந்தக் காரணமும் தென்படாமலே போகலாம். காரணம் கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நடக்கும்.

படி 4: வார்டில் ஒவ்வொரு நாளும்

அறிகுறி வந்தால்தான் ஆள் வருவார்கள் என்று உடம்பு பழகிவிட்டிருக்கிறது. அதை மாற்றுவதுதான் வார்டுத் திட்டத்தின் மையம். காலை, மாலை 15 நிமிடம் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே செவிலியர் போய் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் சமையல், பிள்ளை, வேலை, பயம் எதை வேண்டுமானாலும் பேசலாம். இடையில் வழக்கமான வலியைச் சொன்னால் கேட்டு, ஒரு வார்த்தையில் ஏற்று, “சாயந்திரம் அஞ்சு மணிக்கு வரேன்ல, அப்ப எழுதிக்கலாம்” என்று சொல்லுங்கள். புதிய அறிகுறி என்றால் இந்த விதி கிடையாது. முதல் தடவை எப்போதும் முழுப் பரிசோதனை, மருத்துவருக்குத் தகவல்.

மூன்று ஷிப்டும் ஒரே மாதிரி நடந்தால்தான் இது பலிக்கும். பகலில் ஒருவர் கண்டிப்பு, இரவில் ஒருவர் ‘பாவம்’ என்று கேட்டதும் டைக்ளோஃபெனாக் வலி ஊசி என்றால் ஒரு வார உழைப்பு வீண். ஹேண்டோவரில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘வெறும் தண்ணி ஊசி போட்டு ஏமாத்திடலாம்’ என்ற யோசனை எந்த ஷிப்டில் எழுந்தாலும் மறுத்துவிடுங்கள். அது ஏமாற்று. தெரிந்த நாளில் அவர் திரும்பி வரமாட்டார்.

கால் வராதவருக்கு முதல் ஆபத்து படுத்தே கிடப்பது. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிவிடுவது, மூட்டு அசைவுப் பயிற்சி, சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிட வைப்பது. சக்கர நாற்காலியைக் குறுகிய காலத்துக்கு மட்டும். படுத்தவரின் நல்ல காலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கச் சொல்லும்போது, வராத காலின் குதிகால் தானாகக் கீழே அழுத்தும். இது ஹூவர் குறி. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ இதை நோயாளியிடமே காட்டி, “பாருங்க, பலம் உள்ளே இருக்கு, வழிதான் அடைபட்டிருக்கு” என்று சொல்வது பெரிய மருந்து. அவரைப் பிடித்துவிட்டோம் என்ற தொனி மட்டும் வரக்கூடாது. நடக்க வைக்கும்போது காலைப் பார்க்காமல் இருக்க வேண்டும்: பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்தபடி நடப்பது. கவனம் விலகும்போது நடை திரும்பும். முதல் நாள் கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்காருவது, மறுநாள் நிற்பது, பிறகு பாத்ரூம் வரை. நன்றாக இருக்கும் நாளில் இரட்டிப்பாகச் செய்யவிட்டால் அடுத்த நாள் முழுக்கப் படுத்துவிடுவார்.

குரல் போனவருக்குத் தொண்டைப் பரிசோதனை முடிந்த பிறகு இருமச் சொல்லுங்கள், பிறகு ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். அங்கிருந்து ‘அம்மா’ வரும்.

வரவுக்கு முன் எச்சரிக்கை தெரிபவர்கள் உண்டு: காது அடைப்பது, சத்தம் தூரத்தில் கேட்பது, உடம்பு மிதப்பது. அந்த நிமிடத்துக்கு ஒரு கைமுறை கற்றுக்கொடுங்கள். இரு பாதத்தையும் தரையில் ஊன்றி அழுத்தி, ஈரத்துணியைக் கையில் பிடித்து, கண்ணில் படும் ஐந்து பொருளின் நிறத்தை வாய்விட்டுச் சொல்வது. மல்லிகைப்பூ மணமோ, புளிப்பு மிட்டாயோ பலருக்கு உதவும். வரவு இல்லாத நேரத்தில் தினம் இரண்டு முறை பழகினால்தான் தேவைப்படும்போது கை கொடுக்கும்.

நினைவு தவறி, ஊர் பேர் தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டுவரப்படுபவருக்குத் தலைக்காயம், சர்க்கரை, காய்ச்சல், போதை ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு அடையாளப் பட்டை, சன்னலோரம் இல்லாத படுக்கை, வெளியேறாமல் ஒரு கண். உறவினர் வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘ஞாபகப்படுத்த’ விடாதீர்கள். மறந்தது ஒரு காரணத்துக்காக மறந்திருக்கலாம். நினைவு திரும்பும் நாள்களில்தான் தற்கொலை ஆபத்தும் கூடும்.

சாமி, பேய், குடும்பம்

ஆடி மாதத்தில் அலகு குத்தும் செடல் திருவிழாவிலோ, புதுச்சேரி வீராம்பட்டினத்துத் தேரின்போதோ ஒருவர் மேல் சாமி வருவது நோயல்ல. எதிர்பார்த்த இடத்தில் வருகிறது, வேப்பிலை வாங்கித் தீபாராதனை முடிந்ததும் இறங்குகிறது, மறுநாள் அவர் வேலைக்குப் போகிறார். இடம் நேரம் இல்லாமல், விருப்பமில்லாமல், திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் கோளாறு. குடும்பத்தார் திருநீறு பூசட்டும், கயிறு கட்டட்டும், தர்காவுக்குப் போய் ஓதிக்கொண்டு வரட்டும். மிளகாய்ப் புகை, அடி, பட்டினி, சங்கிலி, மாத்திரையை நிறுத்துவது ஆகியவற்றுக்கு மட்டும் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டமே தடை செய்கிறது. சாமி வந்தவரோடு குறி கேட்டுப் பேசாமல், அவர் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.

விளக்கம் சொல்லும்போது, ‘எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல’ என்ற வாக்கியத்தைத் தவிருங்கள். இப்படிச் சொல்லலாம்: “அண்ணே, பம்ப்செட் மோட்டார் எரியல, ஒயரும் அறுந்து போகல. ஓல்டேஜ் ஏறி இறங்குது, அதான் மோட்டார் நின்னு நின்னு ஓடுது. ஸ்கேன்ல மோட்டார் தெரியும், ஓல்டேஜ் தெரியாது. இத சரி பண்ணலாம், கொஞ்ச நாளாகும்.” முந்திரித்தோப்புக்காரருக்கும் விவசாயிக்கும் இது உடனே புரியும். குடும்பத்தாரின் வீட்டுப்பாடம் ஒன்றுதான்: வரவு வந்தபோது காட்டும் அக்கறையை வராத நாளில் காட்டுவது. வந்தால் ஒருவர் மட்டும் அருகில், கூட்டம் கூடாமல், அலறாமல்.

எழுதுவதும் அனுப்புவதும்

‘நடிக்கிறார்’, ‘கவனத்துக்காகச் செய்கிறார்’ என்பவை குறிப்புகள் அல்ல, தீர்ப்புகள். இப்படி எழுதுங்கள்: ‘காலை 10.20-க்குத் தொடங்கியது. கண் இறுக மூடியிருந்தது. தலை இருபுறமும் ஆடியது. ஆக்சிஜன் 98, நாடி 104, சர்க்கரை 112. நாக்கில் காயமில்லை. 10.34-க்கு அடங்கி, பெயர் சொன்னதும் கண் திறந்தார். முன்னதாகக் கணவரிடமிருந்து போன் வந்தது.’ இதிலிருந்து அடுத்து வருபவர் தானே முடிவுக்கு வர முடியும்.

இந்தக் கோளாறை மட்டும் போக்கும் மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார்கள், முக்கிய சிகிச்சை பேச்சு சிகிச்சையும் பயிற்சியும். கடையில் வாங்கிப் போடும் வலிமாத்திரைகளைக் கேட்டு எழுதுங்கள், வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அங்கிருந்து தொடங்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று காரியம். பழைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்பதால் இங்கே எடுத்ததை அங்கே மறுபடி எடுப்பது சுலபமாக நடக்கிறது. அடுத்தது, ஒரே மருத்துவர், நான்கு முதல் ஆறு வாரத்துக்கொரு முறை, அறிகுறி இல்லாவிட்டாலும் வர வேண்டிய தேதி. ‘வலிச்சா வாங்க’ என்று அனுப்பினால், ‘வர வேண்டும் என்றால் வலிக்க வேண்டும்’ என்று உடம்பு கற்றுக்கொள்ளும். கடலூர் மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வெளிநோயாளர் நாளைக் கேட்டு அட்டையில் எழுதுங்கள். மூன்றாவது, அட்டையின் பின்பக்கத்தில் எண்கள்: மனநல உதவிக்கு 14416, ஆம்புலன்ஸ் 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. அதற்குக் கீழே, எப்போது காத்திராமல் வர வேண்டும் என்று அவர் வீட்டில் பேசும் தமிழில்: இதுவரை வராத மாதிரி வந்தால், காய்ச்சலோடு வந்தால், தலையில் அடிபட்டால், கர்ப்பமாக இருந்தால், உதடு நீலமானால், முடிந்து அரை மணி ஆகியும் தெளியாவிட்டால், சாக வேண்டும் என்று சொன்னால். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள்.